ஏற்காட்டில் துணை தேடுவோருக்கான தியான முகாம்: எது உருப்படி, எது வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியான வகுப்பு நடக்கும்போது ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தீர்களானால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பை மட்டும் தவறவிடாதீர்கள்.

நடத்துகிறவர்கள் பெயரை எழுதவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், பெயரைப் போட்டு எழுதினால் அது வேறு வம்பு. சேலத்துக் கிறிஸ்தவ சபைகளின் அறிவிப்புப் பலகையில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை இந்த நோட்டீஸ் தொங்கும். கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஏற்காட்டில் இரண்டு இரவு தங்கி தியானம், தலைப்பு "தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்". ஆளுக்கு 1,800 ரூபாய், சாப்பாடு உட்பட.

நான் அஸ்தம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஜாக்கெட்தான் முக்கியமான வேலை. வெள்ளைச் சேலைக்கு ஆரி, தலைக்கு நெட், கூட வரும் பெண்பிள்ளைகளுக்கு கவுன். வயது 33. கல்யாணம் ஒன்று நிச்சயமாகி, ஓலை வாசிக்கும்வரை, அதாவது சபையில் ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசிக்கும்வரை போய் நின்றுவிட்டது. அம்மாதான் நோட்டீஸைப் பார்த்து இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டு வந்து அப்புறம் என்னிடம் சொன்னார்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் வருகிற பெரியவர்கள் வெறும் வயிற்றோடும் வரவேண்டாம், வயிறு முட்டத் தின்றுவிட்டும் வரவேண்டாம். ஜனவரிக் குளிருக்கு அவர்கள் கொடுக்கிற போர்வை பத்தாது. வெந்நீர் காலை ஆறு மணிக்கு வரும், பின்னால் எழுகிறவர்களுக்குக் கிடையாது. சமையல் செய்கிற அக்கா வைத்த மிளகு ரசத்துக்கு மட்டும் தனியாக ஒரு மதிப்பெண் போடலாம், மலை மிளகின் காரம் மூக்குவரை ஏறியது. ஆனால் சுற்றிலும் காப்பித் தோட்டம், பக்கத்துக் களத்தில் கொட்டை காய்கிறது, நமக்குக் கொடுத்தது இன்ஸ்டன்ட் காப்பி! இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சனிக்கிழமை காலை வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற போதகர் ஐயா ஒருவர். எண்பதை நெருங்கும் வயது, மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தேவனுடைய தெரிந்தெடுப்பு, அதாவது இரட்சிப்புக்கென்று தேவன் தம்முடைய ஜனத்தைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன என்பதுதான் பாடம். இந்தத் தலைப்பில் நான் கேட்ட பிரசங்கம் எல்லாம் ஒன்று பயமுறுத்தும், இல்லையென்றால் தூங்கவைக்கும். இவர் உபாகமம் ஏழாம் அதிகாரத்திலிருந்து தொடங்கினார். இஸ்ரவேலர் மற்ற ஜனங்களைவிட எண்ணிக்கையில் அதிகம் என்பதால் கர்த்தர் அவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை, அவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருந்தார்கள். இரட்டைப் பிள்ளைகளான யாக்கோபும் ஏசாவும் பிறந்து நல்லது கெட்டது ஒன்றும் செய்வதற்கு முன்பே யாக்கோபுதான் என்று தீர்மானம் ஆகிவிட்டது என்று ரோமர் ஒன்பதில் பவுல் சொல்கிறார். "யோக்கியதை பார்த்து எடுத்திருந்தால், அந்த யோக்கியதை போன அன்றைக்கு உன்னை விட்டுவிடலாம் இல்லையா? பார்க்காமல் எடுத்ததால்தான் உனக்கு நிம்மதி" என்றார் ஐயா. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம், உயரம், படிப்பு, நகை என்று பார்த்துவிட்டுப் போவதற்குப் பழகிப்போன எங்களுக்கு அந்த வார்த்தை எங்கே போய்த் தொட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குனிந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் சரித்திரம். 1618-19-ல் நெதர்லாந்தின் டார்ட் நகரத்தில் கூடிய சபைச் சங்கம், அதற்கு முன் 1609-லேயே இறந்துபோன அந்த நாட்டு வேத அறிஞர் அர்மீனியஸ், அவர் இறந்த அடுத்த வருஷம் அவருடைய ஆட்கள் எழுதிக் கொடுத்த ஆட்சேபணை மனு என்று வரிசையாகச் சொன்னார். தேவன் தெரிந்துகொள்வது அவருடைய சித்தப்படி மட்டுமா, மனிதன் விசுவாசிப்பான் என்று முன்பே அறிந்தா என்பதுதான் சண்டை. முதலாவது சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தவர்கள் கட்சி, இரண்டாவது அர்மீனியஸ் கட்சி. இதெல்லாம் நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுத்தது ஐயா காதில் விழுந்துவிட்டது. "நமக்குத்தான் தம்பி" என்று சேலத்துக்கு வந்தார். லண்டன் மிஷனரி சங்கம் இங்கே வேலை ஆரம்பித்தது 1827-ல். அந்தச் சங்கத்தில் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள், அவர்களுடைய வேர் கால்வின் பக்கம். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உண்டானபோது அவர்களோடு மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கன்களும் சேர்ந்தார்கள். மெதடிஸ்டுகளின் வேர் வெஸ்லி, அவர் அர்மீனியஸ் பக்கம். ஆக, இரண்டு கட்சிக்காரர்களின் பிள்ளைகளும் இன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நற்கருணையில் ஒரே கிண்ணத்தில் பானம்பண்ணுகிறோம். சின்ன வயதிலிருந்து அந்தச் சபைக்குப் போகிறேன், யாரும் இதை இப்படிச் சொன்னதில்லை.

பொறியியல் படிக்கிற ஒரு தம்பி எழுந்து, "நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று எப்படி ஐயா கண்டுபிடிப்பது?" என்றான். கூட்டமே அமைதியாகிவிட்டது. எல்லோருக்கும் உள்ளே இருக்கிற கேள்விதான். ஐயா, "பட்டியலில் உன் பேரைத் தேடாதே, அந்தப் பட்டியல் உன் கைக்கு வராது. கிறிஸ்துவைப் பார். நம்முடைய தெரிந்தெடுப்பைப் பார்க்கிற கண்ணாடி அவர்தான் என்று கால்வினே எழுதியிருக்கிறார்" என்றார். தம்பிக்குத் திருப்தியா இல்லையா தெரியவில்லை. எனக்குத் திருப்தி.

அந்தக் காலை வகுப்பில் எல்லோரும் சிரித்தது வெஸ்லி கதைக்குத்தான். ஜான் வெஸ்லி அமெரிக்காவில் ஜார்ஜியாவில் ஊழியம் செய்தபோது சோபி ஹாப்கி என்ற பெண்மேல் அவருக்கு விருப்பம். கேட்கவும் தைரியமில்லை, விடவும் மனசில்லை. 1737 மார்ச்சில் மூன்று சீட்டு எழுதினார்: கல்யாணம் செய், இந்த வருஷம் நினைக்காதே, இனி நினைக்கவே நினைக்காதே. மூன்றாவதுதான் வந்தது. சில நாளிலேயே அந்தப் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டார். சரி, கர்த்தருடைய சித்தம் என்று மனிதர் சும்மா இருந்தாரா? அந்தப் பெண்ணுக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார், அவள் வீட்டார் வழக்குப் போட்டார்கள், வருஷக் கடைசியில் கப்பல் ஏறி ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு 1749-ல் கிரேஸ் மரே என்ற பெண்ணைக் கட்ட நினைத்தபோது கூடப்பிறந்த தம்பி சார்ல்ஸ் வெஸ்லியே குறுக்கே புகுந்து அவளை இன்னொரு ஊழியருக்குக் கட்டிவைத்துவிட்டார். 1751-ல் ஒரு விதவையை மணந்தார், அந்த இல்லறமும் சுகப்படவில்லை. "சீட்டுக் குலுக்கினவருக்கு என்ன ஆச்சு பார்த்தீங்களா" என்று ஐயா முடித்தபோது என் அம்மாவே வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இத்தனைக்கும் தெரிந்தெடுப்பு விஷயத்தில் வெஸ்லிக்கும் கால்வின் பக்கத்துப் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டுக்கும் 1739-லிருந்து பகிரங்கச் சண்டை. ஆனால் 1770-ல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தது வெஸ்லி. இதை ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் நின்று பேசியிருக்கலாம்.

இப்போது மத்தியான வகுப்பு. ஐயா ஓய்வெடுக்கப் போய்விட்டார், எடுத்தவர் ஒரு இளம் பிரதர். நல்ல குரல், கிடார் நன்றாக வாசிக்கிறார். "உலகத்தோற்றத்துக்கு முன்னே உன்னைத் தெரிந்துகொண்ட தேவன் உன் துணையையும் தெரிந்து வைத்திருக்கிறார், அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை" என்று ஆரம்பித்தார். கண்டுபிடிக்க வழி? வாக்குத்தத்த வசனப் பெட்டியில் சீட்டு எடுப்பது, அடையாளம் கேட்பது, கனவை எழுதிவைப்பது. கடைசியில் ஆளுக்கு மூன்று துண்டுத் தாள் கொடுத்தார். ஆம், இல்லை, காத்திரு என்று எழுதி மடித்து ஜெபித்து எடுக்கச் சொன்னார். காலையில்தானே ஐயா இதைச் சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தார்! அந்த வகுப்பில் பிரதர் இருக்கவில்லை போலிருக்கிறது. ஒரே முகாமில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்காமல் பாடம் எடுத்தால் இப்படித்தான். என் பக்கத்தில் இருந்தவருக்கு "காத்திரு" வந்தது. அவருக்கு வயது நாற்பது.

எனக்கு எங்கே உறுத்துகிறது என்றால், பிரதர் எடுத்த அந்த "உலகத்தோற்றத்துக்கு முன்னே" வசனம் வருகிற எபேசியர் முதல் அதிகாரம் பேசுவது இரட்சிப்பைப் பற்றி. அதை அப்படியே தூக்கிக் கல்யாணத் தரகில் வைத்தால், ஐயா காலையில் கொடுத்த நிம்மதி மத்தியானம் பயமாக மாறிவிடுகிறது. அந்த ஒருவரைத் தவறவிட்டால் என்ன ஆவது? கட்டிக்கொண்டவர் அந்த ஒருவர் இல்லையென்றால்? பவுல் புருஷனை இழந்த பெண்ணைப் பற்றி எழுதும்போது, கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால் போதும், தனக்கு இஷ்டமானவனை அவள் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். ஒன்று கொரிந்தியர் ஏழு, 39. அங்கே சீட்டும் இல்லை, கனவும் இல்லை. அந்த வசனம் மத்தியான வகுப்பில் வரவே இல்லை.

பிரதர் பெரிதாக எடுத்துப் பேசியது ஆதியாகமம் 24. எஜமானின் மகனுக்குப் பெண் தேடிப்போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கிணற்றங்கரையில் அடையாளம் கேட்டான் அல்லவா என்றார். கேட்டான்தான். என்ன கேட்டான்? எனக்கும் தண்ணீர் கொடுத்து ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்கிற பெண் என்றான். அவன் கொண்டுவந்தது பத்து ஒட்டகம். தாகம் எடுத்த ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டர் குடிக்கும். குடத்தைத் தோளில் வைத்துக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் அந்தப் பெண் எத்தனை நடை நடந்திருப்பாள்? ஊர்பேர் தெரியாதவனுக்காக இவ்வளவு செய்கிற மனசைத்தான் அவன் அடையாளமாகக் கேட்டான். நீலச் சட்டை போட்டு வந்தால் அவன்தான் என்று கேட்பதும் இதுவும் ஒன்றா?

அதே அதிகாரத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பிரதர் வரவில்லை. நகை வந்தாயிற்று, அண்ணனும் அப்பாவும் இது கர்த்தரால் வந்த காரியம் என்று சொல்லியாயிற்று, அதற்குப் பிறகும் பெண் ரெபெக்காளைக் கூப்பிட்டு, "நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா" என்று கேட்கிறார்கள். "போகிறேன்" என்கிறாள். அவ்வளவுதான் அவள் பதில். என் கடைக்கு வருகிற கல்யாணப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி வந்ததா என்று எனக்குச் சந்தேகம். போன வருஷம் ஒரு பெண் மாமியாராகப் போகிறவரோடு அளவு கொடுக்க வந்தாள். கையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றிக்கொண்டே, "கை நீளம் எவ்வளவு வைக்கட்டும் கண்ணு?" என்றேன். கை அப்படியே மேலே நிற்க, முகத்தைத் திருப்பி அந்த அம்மாவைப் பார்த்தாள். "முழங்கை வரைக்கும் வைங்க" என்று பதில் அங்கிருந்து வந்தது. கழுத்து, லைனிங், முதுகு ஹூக்கு எல்லாவற்றுக்கும் அதே கதை. இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டதற்குக்கூட அவள் அந்தப் பக்கம்தான் திரும்பினாள்.

என் கதையும் இதில் வருகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது வாசிப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "ஜெபம் பண்ணினோம், சமாதானம் இல்லை." அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு இந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். அதற்கு எதிர்க்கேள்வி கிடையாது, கேட்டால் நாம் ஆண்டவரோடு வாதாடுகிறவர்களாகிவிடுவோம். கொஞ்ச நாளில் வேறு சபையில் அந்தப் பையனுக்கு ஓலை வாசித்தார்கள். அங்கே சமாதானம் கிடைத்துவிட்டதாம், கூடவே ஒரு வீட்டு மனையும்.

அதனால் ஞாயிறு காலை "மன்னிப்பு" என்ற தலைப்பைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல். மறந்துவிடு, ஜெபித்துவிடு, விட்டுவிடு என்பார்கள் என்று நினைத்தேன். வகுப்பு எடுத்த அம்மா நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளை வாயில் சேலை, கையில் நோட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு. மத்தேயு 18-ஐ எடுத்தார். கடன்பட்டவன் கதையில் ராஜா முதலில் செய்தது என்ன என்று கேட்டார். "மன்னித்தார்" என்றோம். "இல்லை. கணக்குப் பார்த்தார். எவ்வளவு என்று தெரியாத கடனை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. எழுதுங்க" என்று ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்தார்.

எழுதினேன். மண்டப முன்பணம். அழைப்பிதழ் அச்சுக்கூலி. எனக்கு நானே தைத்துக்கொண்ட ஜாக்கெட், முத்து வைத்துக் கழுத்தில் கொடி ஓட்டியது, இன்றும் கடைப் பீரோவில் இருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போவதை அம்மா நிறுத்தியது. கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் நான் வந்தால் பேச்சை மாற்றியது. பக்கம் நிறைந்துவிட்டது.

பிறகு அந்த அம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ராஜா விட்ட கடன் பதினாயிரம் தாலந்து, அதாவது ஆறு கோடி நாள் கூலி. அப்படி விடுதலையானவனுக்கு அவனுடைய உடன்வேலைக்காரன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம், ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. இந்த இடத்தில் எல்லாப் பிரசங்கியாரும் "பார்த்தீர்களா, எவ்வளவு அற்பம்" என்பார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. "நூறு நாள் கூலி அற்பமா? நம்ம ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போறவங்களைக் கேட்டுப் பாருங்க. உங்க நோட்டுல எழுதினது சின்னக் கடன்னு நான் சொல்லல. ஆண்டவர் உங்களுக்கு விட்டது அதைவிடப் பெரிசுன்னுதான் சொல்றேன்." கொலோசெயர் மூன்றில், தெரிந்துகொள்ளப்பட்டவர்களே என்று கூப்பிட்ட கையோடு பவுல் ஒருவருக்கொருவர் மன்னியுங்கள் என்று எழுதுகிறார். சனிக்கிழமை காலையில் ஐயா சொன்ன தெரிந்தெடுப்பும் இந்த வகுப்பும் அந்த வசனத்தில்தான் முட்டி ஒன்றாயின.

அடுத்தது யோசேப்பு. அப்பா இறந்ததும், அவனை முன்பு விற்றுப்போட்ட அண்ணன்மார் பயந்துகொண்டு வந்து நிற்கிறார்கள். அவன், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்கிறான். அதைச் சொல்லிவிட்டுத்தான் தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். எல்லாம் தேவ திட்டம், நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று அவன் பூசி மெழுகவில்லை. தேவன் நடத்தினது அவர் கணக்கில், அண்ணன்மார் செய்தது அண்ணன்மார் கணக்கில். "சமாதானம் இல்லை" என்று சொன்னவர்கள் கழித்துவிட்டது இந்த இரண்டாவது கணக்கைத்தான். வேறு இடம் பார்த்தோம், மனசு மாறிவிட்டோம் என்று தங்கள் பெயரிலேயே சொல்லியிருந்தால் வலித்திருக்கும், ஆனால் ஆண்டவரை நடுவில் இழுத்திருக்க வேண்டாம்.

ஒரு அம்மா எழுந்து, மன்னித்துவிட்டால் திரும்பப் போய் உறவாட வேண்டுமா என்று கேட்டார். விவாகரத்தான மகளோடு வந்திருந்தார். நர்ஸம்மா, "யோசேப்பு சீக்கிரம் கட்டித் தழுவிடலையே. சிமியோனைப் பிடிச்சு வெச்சான், சாக்குல வெள்ளிப்பாத்திரம் வெச்சுப் பார்த்தான், பென்யமீனுக்காக யூதா நிக்கிறானான்னு பார்த்தான். கடனை விடறது உங்க கையில. மறுபடி நம்பறதுக்கு அவங்க மாறி இருக்கணும்" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை, நோட்டில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

நான் என் பக்கத்தைக் கிழித்தேனா என்று கேட்காதீர்கள். கிழிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போடுவேன். அம்மா மட்டும் அடுத்த மாதத்திலிருந்து சங்கத்துக்குப் போகிறார்.

பெரிய குறை ஒன்று பாக்கி. பதிவுப் படிவத்தில் பெயர், வயது, சபை, படிப்பு, அடுத்து "பிரிவு". பிரிவு என்றால் ரோமன் கத்தோலிக்கமா சி.எஸ்.ஐ.யா என்று இல்லை, அது மேலேயே கேட்டாயிற்று. இது சாதி. கேள்விப் பெட்டியில் யாரோ இதைப் பற்றி எழுதிப் போட்டிருந்தார்கள்: கர்த்தருக்குட்பட்டவன் போதும் என்றால் இந்தக் கட்டம் எதற்கு? வாசித்தவர், "நேரம் இல்லை, தனியாகப் பேசுவோம்" என்று சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யோக்கியதை பார்க்காமல் தெரிந்துகொண்ட தேவனைப் பற்றி ஒரு காலை முழுக்கப் பேசின இடத்தில் இது. இதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். மத்தியான வகுப்புக்கு இன்னொன்று. ஆக ஐந்துக்கு மூன்று, அந்த மூன்றில் பெரும்பங்கு நர்ஸம்மாவுக்கும் ஐயாவுக்கும்.

யார் போகலாம்? வரன் கிடைக்கும் என்று போகாதீர்கள், அங்கே பையன்களைவிடப் பெண்கள்தான் அதிகம். நிச்சயம் முறிந்தவர்கள், பெற்றோரோடு பேச்சு நின்றுபோனவர்கள், தேவசித்தம் என்ற பேரில் யாராவது கையைக் கட்டிவைத்திருப்பவர்கள் போகலாம். அம்மா அப்பாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், ரெபெக்காளைக் கேட்ட கேள்வி அவர்கள் காதிலும் விழட்டும்.

அடுத்த முகாம் மே மாதம் என்றார்கள். கோடை விழாவும் அப்போதுதான் வரும், அடிவாரத்திலேயே நெரிசலில் வண்டி நின்றுவிடும். போர்வை கொண்டுபோங்கள், மே மாதமானாலும் ராத்திரிக்கு வேண்டும். காப்பிப்பொடியும் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டால் சமையல் அக்கா வடிகட்டிப் போட்டுத் தருவார், கேட்டுப் பார்த்தேன். படிவத்தில் அந்தப் "பிரிவு" கட்டத்தை நான் காலியாக விட்டுத்தான் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.